55 சொல் கதை: 61 வருகிறது, எங்கே வெட்டுவது?

கேள்வி:
55 சொல் கதைப் போட்டிக்கு எழுதியது 61 சொல் வருகிறது. "வந்து விட்டான்" என்பதைச் சேர்த்து எழுதலாமா? தலைப்பும் கணக்கில் சேருமா?

பதில் 1:
சேர்த்தே எழுதுங்க. "விட்டான்" போன்ற துணைவினையைப் பிரிக்காமல் எழுதுவதுதான் முறை. எம்.எஸ். வேர்டு மென்பொருள் இடைவெளியை வைத்துத்தான் எண்ணும், எனவே "வந்துவிட்டான்" ஒரே சொல். அதற்காக "அவன்வீட்டுக்குப்போனான்" என்று ஒட்டாதீங்க, நடுவர் தள்ளிவிடுவார். 1987-இல் கலிபோர்னியாவின் நியூ டைம்ஸ் இதழ் தொடங்கிய மூல 55 சொல் கதைப் போட்டியில் தலைப்பு கணக்கில் வராது, ஆனால் 7 சொல்லைத் தாண்டக் கூடாது. உங்கள் போட்டியின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்க.

பதில் 2:
சொற்களுக்கு நடுவே இருபுறமும் இடம் விட்டுக் கோடு (–) போட்டிருந்தால் வேர்டு அதையும் ஒரு சொல்லாக எண்ணிவிடும். முதலில் அதை எடுங்க.

பதில் 3:
உரையாடலில்தான் நிறைய மிச்சமாகும். "சாப்டியாடா?" என்று அம்மா அவனிடம் கேட்டாள்: 5 சொல். "சாப்டியாடா கண்ணா?": 2 சொல். அம்மாவின் குரல் அதிலேயே கேட்கிறது. தமிழில் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடுவதால் "அவன்", "அவள்" பாதி இடங்களில் வேண்டாம். அதற்குப் பிறகும் மிஞ்சினால் தொடக்க வரியை வெட்டுங்க. முடிவுக்கு முந்தைய வரியில் கை வைத்தால் திருப்பம் புரியாமல் போய்விடும்.