ட்ரெயிலருக்குச் சோலார்: கூரையில் பூட்டுவதா, மடிக்கும் பனலா? (அவசரம்)

கோப்பாய்ப் பயணி
வணக்கம். வருகிற வெள்ளி குடும்பத்தோடு திருகோணமலைக்கு வெளிக்கிடுகிறோம். கராஜில் சொல்லிச் செய்வித்த சின்ன ட்ரெயிலர், உள்ளே பிரிஜ் இருக்கிறது. மச்சான் கனடாவில் இருந்து மடிக்கும் பனல் ஒன்று கொண்டுவந்து தந்தார். மூன்று நாளாக முற்றத்தில் விரித்துப் பார்க்கிறேன். பகல் முழுக்க நல்ல வெயில், ஆனால் விடியப்புறம் மூன்று மணிக்கே பிரிஜ் நின்றுவிடுகிறது. அம்மாவின் இன்சுலினை அதற்குள்தான் வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டுக் கூரையில் பெரிய பனல் பூட்டட்டா? கெதியாகச் சொல்லுங்கள்.

வடமராட்சியான்
பனல் எத்தனை வாட்? பற்றரி என்ன வகை, எத்தனை அம்பியர் மணி? பிரிஜ் 12 வோல்டா, இன்வேர்ட்டரில் ஓடுவதா?

சோளகம்
கூரைதான், யோசிக்கவே வேண்டாம். எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்குக் கிட்ட. பனலைச் சாய்க்காமல் படுக்க வைத்தாலும் பெரிய நட்டமில்லை, ஓடும்போதும் சார்ஜ் ஏறும். நிலத்தில் விரித்த பனலைச் சோளகக் காற்று தூக்கி எறியும். போன ஆடியில் என்னுடையது வேலியோடு மோதிக் கண்ணாடி வெடித்தது. ஒன்று மட்டும் கவனம்: தகரத்தோடு ஒட்டிப் பூட்டாதீர்கள், காற்றோட்டத்துக்கு இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். சூடு ஏற ஏறப் பனல் தருவது குறையும்.

தீவகத்துப் பிள்ளை
சோளகம் அண்ணை, கூரையில் பனல் என்றால் ட்ரெயிலரும் வெயிலில் நிற்க வேண்டுமே. பங்குனி, சித்திரையில் அதற்குள் மனிசர் இருக்க ஏலாது, பிரிஜும் இரண்டு மடங்கு உழைக்கும். வேம்பின் கீழ் நிறுத்திவிட்டுப் பனலை மட்டும் வெயிலுக்கு இழுப்பதுதான் புத்தி. பனையோலை நிழல் ஒரு கீற்று விழுந்தாலே பனல் தருவது நன்றாகக் குறைந்துவிடும். கூரைப் பனலை நகர்த்த முடியுமா?

மின்னியல் மூத்தவர்
இதே கேள்வி வருடத்தில் பத்துத் தரம் வருகிறது, ஒருவரும் கணக்குப் போட்டுக்கொண்டு வருவதில்லை. பனல் வாங்க முதல் செலவைக் கூட்ட வேண்டும், தம்பி. 12 வோல்ட் பிரிஜ் 45 வாட், பாதி நேரம் ஓடினால் நாளுக்கு 540 வாட் மணி. ஃபான் 20 வாட், எட்டு மணி நேரம், 160. லைற், போன் எல்லாம் ஒரு 80. மொத்தம் 780. நல்ல வெயில் ஐந்து மணி நேரம், வழியில் 30 வீதம் போகும் என்று வைத்தாலும் 220 வாட் பனல் வேண்டும். பெருக்கத் தெரிந்தவர் இங்கே வந்து கேட்கத் தேவையில்லை.

கோப்பாய்ப் பயணி
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். பனல் 120 வாட். பிரிஜ் 12 வோல்ட், 40 லீற்றர். பற்றரி லொறியில் இருந்தது, 100 அம்பியர் மணி. பற்றரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர் பனலின் பின்பக்கத்தில் ஒட்டியே வந்தது. ட்ரெயிலர் மாமர நிழலில் நிற்பதால் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயரைப் போட்டுப் பனலைக் கிணற்றடி வரை இழுத்திருக்கிறேன்.

வடமராட்சியான்
லொறிப் பற்றரி ஸ்டார்ட் பண்ணத்தான். ஒவ்வொரு இரவும் அடி வரை இறக்கினால் சில மாதத்தில் செத்துவிடும். லிதியம் போடுங்கள்.

பழைய ரேடியோ
எல்லாவற்றுக்கும் லிதியம் என்று பெடியளைச் செலவுக்குள் தள்ளாதீர்கள். தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், கரண்ட் இல்லை, டோர்ச் பற்றரிக்கே தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அண்ணா பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் நாங்கள் செய்தி கேட்டோம். செத்த கார் பற்றரிக்கும் உயிர் கொடுத்தோம்.

வடமராட்சியான்
ஐயா, அந்தக் காலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் ஜாம் போத்தல் விளக்குத்தான். ஆனால் ரேடியோ இழுப்பது ஒன்றிரண்டு வாட். பிரிஜ் அப்படியில்லை.

பழைய ரேடியோ
புதுப் பற்றரி விலை உங்களுக்குத் தெரியும்தானே. எல்லாருக்கும் மச்சான் கனடாவில் இல்லை.

கொக்குவில் வயரிங்
பற்றரிச் சண்டையைப் பிறகு பிடியுங்கள். தம்பி, வயர் எத்தனை சதுர மில்லிமீற்றர், எவ்வளவு நீளம்? மல்டிமீற்றரால் மத்தியானம் இரண்டு இடத்தில் வோல்ட்டை அளவுங்கள்: கொன்ட்ரோலரின் வாயில், பற்றரித் தலையில்.

கோப்பாய்ப் பயணி
1.5, ஒரு 12 மீற்றர் வரும். கொன்ட்ரோலரில் 14.3. பற்றரியில் 12.6.

கொக்குவில் வயரிங்
பிடிபட்டுவிட்டது. போக வர 24 மீற்றர் மெல்லிய செம்பு, ஆறு அம்பியர் ஓடினால் 1.7 வோல்ட் வழியிலேயே போகிறது. கொன்ட்ரோலர் பற்றரி நிறைந்துவிட்டது என்று நினைக்கிறது, பற்றரியோ அரைவயிறு. கொன்ட்ரோலரைக் கழற்றிப் பற்றரிக்குப் பக்கத்தில் பூட்டுங்கள். பனலில் இருந்து வருவது 18 வோல்ட் அளவு, கொஞ்சம் இழந்தாலும் தாங்கும். ஆனால் சூட்டில் அந்த 18 உம் இறங்கும், அதனால் வயரையும் 4 சதுர மில்லிமீற்றர் ஆக்குங்கள். பற்றரியடியில் பியூஸ் மறக்க வேண்டாம்.
இவ்வளவு செய்தும் 120 வாட் போதாது, மூத்தவரின் கணக்குச் சரி. கூரையில் 200 போட்டு, மடிக்கும் பனலை நிழலில் நிற்கும் நாட்களுக்கு வைத்திருங்கள். கடற்கரைக்குப் போவதால் ஆணி எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் போடுங்கள்.

தீவகத்துப் பிள்ளை
இன்சுலினுக்கு ஒரு ஐஸ் பெட்டியும் எடுத்துப் போங்கள். மருந்தை ஐஸில் முட்ட விடாதீர்கள், உறைந்தால் உதவாது. துணியில் சுற்றி வையுங்கள்.

கோப்பாய்ப் பயணி
கொன்ட்ரோலரை மாற்றினேன், வயரும் 4. பின்னேரம் பற்றரியில் 14.1. இரவு ஃபானை நிற்பாட்டினேன், காலை ஆறு மணிக்கும் பிரிஜ் ஓடுகிறது. எல்லாருக்கும் நன்றி. கூரைப் பனல் திரும்பி வந்துதான். வெளிக்கிடுகிறோம்.

சோளகம்
அப்ப கூரைதானே கடைசியில். துளை போட்டா பூட்டப் போகிறீர்கள், ஒட்டியா? துளை என்றால் மாரிக்கு முதல் சீலன்ட் வடிவாகப் பூச வேண்டும்.

சோளகம்
தம்பி?