பேன்டசி ஓவியத்துக்கு இலவச ஸ்டாக் படங்கள் எங்கே எடுக்கிறீர்கள்?

மழைக்காகிதம்:

வணக்கம். கிம்ப் என்ற எடிட்டிங் மென்பொருளில் படங்களை வெட்டி ஒட்டி, அதன் மேல் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் பிரஷ் ஓட்டி பேன்டசி ஓவியங்கள் செய்து வருகிறேன். இதுவரை எல்லாம் என் ஆசைக்குத்தான், இன்ஸ்டாவில் போட்டதோடு சரி. இப்போது தோழி ஒருத்தி தன் நாவலைக் கிண்டிலில் போடப் போகிறாள், அட்டை நான்தான் செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கடலோரப் பாறை மேல் இடிந்த கோட்டை, வானத்தில் இரண்டு நிலா, முன்னால் கவசம் போட்ட பெண் கையில் விளக்கோடு, தூரத்தில் ஒரு டிராகன். இவ்வளவும் வேண்டுமாம்.

அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே என்ற இலவச ஸ்டாக் தளங்கள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தப் படம் தரும் தளங்கள்) மூன்றிலும் "பேன்டசி கோட்டை" என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்துவிட்டேன். ஜெர்மனியின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைதான் எல்லாக் கோணத்திலும் வருகிறது. மிச்சம் ஏஐ படங்கள், கிட்டப் போய்ப் பார்த்தால் ஜன்னல்கள் உருகி வழிகின்றன. கவசப் பெண்கள் எல்லாம் காஸ்ட்யூம் பார்ட்டியிலிருந்து நேராக வந்தவர்கள். காசு கொடுத்து வாங்க வழியில்லை, ஆனால் புத்தகம் விற்பனைக்கு வருவதால் லைசென்ஸ் பயமும் இருக்கிறது. நீங்களெல்லாம் எங்கே எடுக்கிறீர்கள்? ஓவியர்கள் தங்கள் படைப்புகளை ஏற்றும் டீவியன்ட்ஆர்ட் தளத்தின் ஸ்டாக்கை விற்கிற புத்தகத்தில் போடலாமா?

பிக்சல்பாண்டி:

தேடுகிற சொல்லில்தான் பாதி சிக்கல். "பேன்டசி" என்று அடித்தால் யாரோ ஏற்கனவே செய்து முடித்த படம்தான் வரும், அது நமக்கு எதற்கு? காட்சியைத் தேடாதீர்கள், உதிரிப் பாகங்களைத் தேடுங்கள். பாசி பிடித்த கல்சுவர், கடல் பாறை, மூடுபனி, ஈர மணல், இரும்புக் கிராதி என்று தனித்தனியாகத் தேடினால் இதே மூன்று தளங்களிலும் அள்ளிக்கொண்டு வரலாம். டிராகனை உலகத்தில் யாரும் போட்டோ எடுத்ததில்லை. உடும்பின் கழுத்து, முதலையின் முதுகு, பழந்தின்னி வௌவாலின் இறக்கை, கழுகின் நகம் என்று சேர்த்துத்தான் செய்ய வேண்டும். இறக்கைக்கு, வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது எடுத்த வௌவால் படமாகப் பாருங்கள். விரல் எலும்புகளும் தோலில் ஓடும் நரம்பும் தெரியும், அதை அப்படியே பெரிதாக்கி வைத்தாலே பாதி டிராகன் வந்துவிடும்.

ஸ்டாக் தளங்களை விட்டு வெளியே வந்தால்தான் உண்மையான புதையல். நியூயார்க் மெட் மியூசியம் 2017 பிப்ரவரியில் பொதுவுடைமையில் உள்ள (பதிப்புரிமை இல்லாத) தன் படைப்புகளின் படங்களை சிசி0 (யாரும் நிபந்தனையின்றி எடுக்கலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்) என்று திறந்துவிட்டது, அப்போதே 3,75,000 படங்களுக்கு மேல். அதில் ஆயுதங்கள், கவசங்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. தேடும்போது ஓப்பன் ஆக்சஸ் என்ற பெட்டியை டிக் செய்துவிடுங்கள். 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கவசங்கள் பல வெறும் சாம்பல் பின்னணியில், மென்மையான வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருக்கும். வெட்டுவது சுலபம், ரெசல்யூஷனும் தாராளம். தோள்பட்டைத் தகட்டில் ஆணி அடித்த இடம், பொறிப்பு வேலை, தேய்ந்த விளிம்பு வரைக்கும் தெரியும், காஸ்ட்யூம் பிளாஸ்டிக்கில் இதெல்லாம் வராது. ஸ்மித்சோனியனும் 2020இல் 28 லட்சம் படங்களைத் திறந்தது.

நிலாவுக்கு நாசா. சயின்டிஃபிக் விஷுவலைசேஷன் ஸ்டுடியோ பக்கத்தில் வருடம் முழுவதுக்கும் மணிக்கு ஒரு படம் வீதம் நிலாவின் பிறை வடிவங்கள் கிடைக்கும், பின்னணி கருப்பு. கருப்பு என்றால் மாஸ்க்கே வேண்டாம், பிளெண்ட் மோடை (லேயர் கீழே உள்ளதோடு கலக்கும் முறையை) ஸ்கிரீன் ஆக்கினால் கருப்பு தானாகக் காணாமல் போகும் (நெருப்பு, தீப்பொறி, புகைக்கும் இதே வழிதான்). ஒன்று ஞாபகம் வையுங்கள், இரண்டு நிலாவுக்கும் ஒரே சூரியன்தான். ஒரு பிறை இடப்பக்கமும் பக்கத்திலேயே இன்னொன்று வலப்பக்கமும் ஒளிர்ந்தால் படம் பார்ப்பவருக்கு என்னவோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது.

கோட்டைக்கு விக்கிமீடியா காமன்ஸ் போங்கள், விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ் போட்டிக்கு வந்த படங்கள் லட்சக்கணக்கில் கிடக்கின்றன.

கோடும்நிறமும்:

பாண்டி சொன்னது எல்லாம் சரி, கடைசி வரியில் மட்டும் பிரேக் போடுகிறேன். காமன்ஸ் படங்களில் நிறைய சிசி பை-எஸ்ஏ என்ற லைசென்ஸில் இருப்பவை. அதை வெட்டி ஒட்டி வேறு படம் செய்தால் அந்தப் புதுப் படத்தையும் அதே லைசென்ஸில்தான் வெளியிட வேண்டும், அதாவது உங்கள் அட்டையை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம், விற்கலாம். சொந்தப் பயிற்சிக்குப் பரவாயில்லை, தோழியின் புத்தகத்துக்கு வேண்டாம். காமன்ஸிலேயே சிசி0 அல்லது பொதுவுடைமை என்று வடிகட்டித் தேடுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் ஃபோட்டோக்ரோம் தொகுப்பு. 1890களில் ஐரோப்பாவின் கோட்டை, மலை, துறைமுகம் எல்லாவற்றையும் கருப்பு வெள்ளை நெகட்டிவிலிருந்து வண்ணத்தில் அச்சிட்டார்கள், அவற்றின் ஸ்கேன்கள் டிஃப் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். கரண்ட் கம்பி கிடையாது, கார் பார்க்கிங் கிடையாது, டூரிஸ்ட் கிடையாது. நிறமே பாதி கனவு மாதிரி இருக்கும்.

மற்ற லைசென்ஸ்கள்: எழுத்தில் என்சி இருந்தால் விற்பனைக்கு ஆகாது, என்டி இருந்தால் வெட்டி ஒட்டவே கூடாது, வெறும் பை என்றால் பெயர் போட்டால் போதும். ஈஎஸ்ஓ (ஐரோப்பிய தெற்கு வானாய்வகம்), ஈசா (ஐரோப்பிய விண்வெளி முகமை) ஹபுள் விண்வெளிப் படங்கள் இந்தக் கடைசி வகை. நாசா படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை, ஆனால் அதன் லோகோவைப் போடக் கூடாது. அன்ஸ்பிளாஷ் 2017 வரை சிசி0, அப்புறம் சொந்த லைசென்ஸுக்கு மாறியது. பிக்ஸாபேயும் 2019இல் அப்படியே. இரண்டிலும் உங்களைப் போல ஓவியத்துக்குள் கலந்து பயன்படுத்தத் தடை இல்லை, படத்தை அப்படியே விற்கத்தான் கூடாது. ஆனால் பிக்ஸாபேயில் முடிவுகளுக்கு மேலே ஓடும் ஐஸ்டாக் வரிசையும், அன்ஸ்பிளாஷில் பிளஸ் குறியோடு வருபவையும் காசுப் படங்கள், கை தவறி அதில் போய் விழாதீர்கள்.

டீவியன்ட்ஆர்ட் வேறு உலகம். அங்கே தளத்துக்கென்று பொதுவான ஸ்டாக் லைசென்ஸ் இல்லை, ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் தனக்கென்று விதி எழுதி வைத்திருப்பார்கள். ஒருவர் தளத்துக்குள் மட்டும் என்பார், ஒருவர் பிரின்ட் விற்கலாம் ஆனால் புத்தக அட்டை கூடாது என்பார், ஒருவர் நோட் அனுப்பிக் கேள் என்பார். கேட்டால் பலர் சந்தோஷமாகவே தருவார்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். வேறு யாரோ எடுத்த போட்டோவைத் தன் ஸ்டாக் என்று ஏற்றுபவர்களும் அங்கே உண்டு, சந்தேகம் வந்தால் படத்தை வைத்தே தேடும் டின்ஐ தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

முகம்தான் இதில் பெரிய தலைவலி. இலவசத் தளத்தின் லைசென்ஸ் போட்டோகிராஃபரின் உரிமையைத்தான் தருகிறது, படத்தில் இருக்கும் பெண் சம்மதித்தாளா என்பதற்கு அங்கே யாரும் பொறுப்பேற்பதில்லை.

மழைக்காகிதம்:

மெட் தளத்தில் இரண்டு மணி நேரம் தொலைந்து போய்விட்டு வருகிறேன், நன்றி பாண்டி அண்ணா. ஆனால் கவசம் எல்லாம் ஆண்களுக்குச் செய்தது, தோள் ரொம்ப அகலமாக இருக்கிறது. அப்புறம் முகத்துக்கு என்னதான் செய்வது?

தாவணித்தூரிகை:

தோளை வார்ப் என்ற உருமாற்றும் கருவியில் சுருக்கலாம், தகடு தகடாக வெட்டித் தனி லேயரில் வைத்துக்கொண்டால் வளையாமல் சுருங்கும். முகத்துக்கு ஸ்டாக்கே தேடாதீர்கள். உங்கள் தங்கையையோ அந்தத் தோழியையோ சாயங்காலம் மொட்டை மாடியில் நிற்க வைத்து, தோளில் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தி, மஞ்சள் பல்பு ஒன்றை இடுப்பு உயரத்தில் கையில் பிடிக்கச் சொல்லி மொபைலில் எடுங்கள். விளக்கு வெளிச்சம் கீழிருந்து தாடையிலும் மூக்கு நுனியிலும் எப்படி விழுகிறது என்பது எந்த ஸ்டாக்கிலும் நீங்கள் நினைத்த மாதிரி கிடைக்காது. சம்மதம் எழுத்திலும் வாங்கிக்கொள்ளலாம். முதுகைக் காட்டி நிற்க வைத்தால் முகப் பிரச்சினையே இல்லை, ஆனால் பேன்டசி அட்டைகளில் ஏற்கனவே போதுமான முதுகுகளைப் பார்த்தாயிற்று என்பது என் கருத்து.

மற்றபடி மேகமூட்டமான நாளில் எடுத்த படங்களையே பொறுக்குங்கள். நல்ல வெயிலில் எடுத்த கோட்டை அழகாக இருக்கும், ஆனால் அதன் நிழல் கல்லோடு ஒட்டிக்கொண்டே வரும், இடவலம் திருப்பினாலும் சூரியனின் உயரம் மாறாது. மப்பு வானத்தில் எடுத்தது என்றால் நிழலை மல்டிப்ளை லேயரிலும் (கீழே உள்ளதைக் கருமையாக்கும்) ஒளியை ஸ்கிரீன் லேயரிலும் நாமே போட்டுக்கொள்ளலாம். அதோடு கேமரா எந்த உயரத்திலிருந்து பார்க்கிறது என்றும் பாருங்கள், டிரோனில் எடுத்த பாறை மேல் கண் மட்டத்தில் எடுத்த பெண்ணை நிற்க வைத்தால் வழுக்கி விழுவது போலவே இருப்பாள்.

பிக்சல்பாண்டி:

விக்கி விஷயத்தில் கோடு சொன்னதே சரி, அட்டைக்கு ஃபோட்டோக்ரோமையே எடுங்கள். பழைய அச்சின் புள்ளி கிட்டத்தில் தெரியும், எல்லாம் முடிந்தபின் மொத்தப் படத்துக்கும் ஒரே கிரெய்ன் (மணல் தூவியது போன்ற நுண்புள்ளி) போட்டுவிட்டால் மொபைல் படமும் மியூசியம் படமும் அதற்குள் அடங்கிவிடும். கிண்டில் கேட்கும் அளவு உயரம் 2560, அகலம் 1600 பிக்சல், ஆனால் நீங்கள் இரண்டு மடங்கில் வேலை செய்யுங்கள், நாளைக்கே தோழி அச்சுப் புத்தகமும் வேண்டும் என்பாள். இன்னொன்று, கேடிபியில் (கிண்டிலுக்குப் புத்தகம் ஏற்றும் அமேசான் தளம்) ஏற்றும்போது அட்டையில் ஏஐ உருவாக்கிய படம் இருக்கிறதா என்று கேட்பார்கள். தெரியாமல் பிக்ஸாபேயிலிருந்து ஒரு ஏஐ மேகத்தை எடுத்துப் போட்டிருந்தால் அங்கே என்ன பதில் சொல்வது என்று முழிக்க வேண்டும், இறக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காகிதம்:

கிரெடிட் அட்டையிலேயே போட வேண்டுமா? இடமே இல்லை.

கோடும்நிறமும்:

வேண்டாம், உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் போட்டால் போதும். படத்தின் பெயர், எடுத்தவர், லைசென்ஸ், சுட்டி, நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை. சிசி0 படத்துக்குக் கட்டாயம் இல்லை, இருந்தாலும் மெட் பெயரைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு படத்தையும் இறக்கும்போதே சுட்டி, தேதி, லைசென்ஸ் மூன்றையும் அதே ஃபோல்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவிடுங்கள், நாற்பது லேயர் ஆனபின் எந்தப் பாறை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.