வால்பாறை இறக்கமும் என் 1978 அம்பாசடரின் பிரேக்கும்

பழைய காருக்கு டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் பற்றி நிறுத்தும் வகை) போடலாமா, போட்டால் என்னென்ன மாற்ற வேண்டும் என்று நண்பர்கள் பலர் கேட்டிருப்பதால், எனக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1978ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 3. பெட்ரோல் எஞ்சின், 1489 சிசி. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் உருளையின் உட்புறத்தில் ஷூ என்ற வளைந்த கட்டைகளை அழுத்தி நிறுத்தும் வகை), எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு மிதிக்கு வலுக் கூட்டும் பூஸ்டர் கிடையாது. அப்பா ஓட்டிய வண்டி என்பதால் அதை விற்கும் எண்ணம் எனக்கு என்றுமே வந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மே மாதத்தில், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா ஆகியோருடன் வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இறங்கும்போது எண்கள் குறைந்துகொண்டே வரும். முன்னால் ஒரு பேருந்து மெதுவாகச் சென்றதால், மூன்றாவது கியரிலேயே வைத்துக்கொண்டு பிரேக்கை அடிக்கடி மிதித்தபடி வந்தேன். பன்னிரண்டாவது வளைவை நெருங்கியபோது மிதி எதிர்ப்பே இல்லாமல், ஈரப் பஞ்சை மிதித்ததைப் போல உள்ளே சென்றது. மீண்டும் மீண்டும் மிதித்தபோது மூன்றாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, ஒன்பதாவது வளைவில் உள்ள காட்சி முனையில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். முன் சக்கரங்களிலிருந்து லைனிங் (ஷூவின் மேலுள்ள தேய்மானப் பட்டை) கருகும் வாடை வந்தது. பின் இருக்கையில் இருந்த அம்மாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. எனக்கு மட்டும் முழங்காலில் நடுக்கம் நிற்கவில்லை.

அன்று நடந்தது என்ன என்பதைப் பின்னர்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். ஆட்களோடு சேர்த்து 1500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி 700 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு கோடி ஜூல். அதாவது 35 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். எஞ்சினை இழுத்துப் பிடிக்க விடாமல் பிரேக்கை மட்டுமே நம்பினால், இதில் பெரும்பகுதி அந்த நான்கு டிரம்களுக்குள்தான் போய்ச் சேரும். லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் மிதி கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. டிரம் சூட்டில் விரிந்தால் மிதி வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டானால்தான் மிதி பஞ்சு போல ஆகும். பலமுறை மிதித்தால் சற்று மீளும். எனக்கு நேர்ந்தது இந்தக் கடைசி வகை. மூன்றையும் “பிரேக் ஃபெயிலியர்” என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுவதால்தான் பலரும் தவறான பாகத்தை மாற்றுகிறார்கள் என்பது என் கருத்து.

ஊர் திரும்பியதும் டிஸ்க் பிரேக் போட்டே தீருவது என்ற முடிவோடு, அம்பாசடர் வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு முதிய மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் வண்டியைத் தூக்கக்கூட இல்லை. மிதியின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து, ஆயிலில் ஒரு விரலை நனைத்து என்னிடம் காட்டினார். கருங்காப்பி நிறத்தில் இருந்தது. “தம்பி, டிரம்முல குத்தம் ஒண்ணும் இல்லீங்க. ஆயில்தான் தண்ணியாப் போயிருக்குது. மொதல்ல இருக்கறத ஒழுங்கு பண்ணிப் பார்ப்போமுங்க” என்றார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 என்ற தர வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. என் வண்டியில் எத்தனை ஆண்டுகளாக ஆயில் மாற்றவில்லை என்பதே எனக்கு நினைவில் இல்லை.

அவர் சொன்னபடி முதலில் டிரம் அமைப்பையே முழுமையாகப் புதுப்பித்தோம். ஷூக்களைத் தள்ளும் சக்கர சிலிண்டர்களைத் திறந்தபோது ரப்பர் கப்புக்குப் பின்னால் துருவும் சேறுமாக இருந்தது. சுவரில் குழி விழுந்த சிலிண்டரில் புதுக் கப் போட்டுப் பயனில்லை என்று நான்கு சக்கரங்களுக்கும் புதிய சிலிண்டர்களே பொருத்தினார். முன் ஹோஸ்கள் (ஆயில் செல்லும் ரப்பர் குழாய்கள்) வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருந்தன. டிரம்களை லேத் பட்டறையில் அளவு மீறாமல் கடைந்து, புதிய லைனிங் அடித்து, டாட் 4 ஆயில் நிரப்பினோம். (டாட் 3 இருந்த இடத்தில் டாட் 4 ஊற்றலாம், சிலிகான் வகையான டாட் 5 ஆயிலை இவற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது.) இந்த வேலை செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

பிறகு அதே வால்பாறைப் பாதையில், ஏறிய கியரிலேயே இறங்கி வந்தேன். மிதி ஓரிடத்தில்கூடத் தாழவில்லை. பக்கத்துத் தெருவில் பிரீமியர் பத்மினி வைத்திருக்கும் நண்பர் இதைப் பார்த்துவிட்டுத் தம் வண்டியிலும் இந்த வேலையை மட்டும் செய்துகொண்டார். இன்று வரை அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அப்படியிருந்தும் நான் டிஸ்க்குக்கு மாறியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மழைக்காலத்தில் தேங்கிய நீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் புகுந்த நீர் வெளியேறும் வரை பிரேக் பிடிப்பதில்லை. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது: என் வண்டியில் இருந்தது ஒற்றை அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர். ஒரே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். முன் பக்கத்துக்கும் பின் பக்கத்துக்கும் தனித்தனி அறை உள்ள டேண்டம் சிலிண்டரில் ஒரு பக்கம் போனாலும் மறு பக்கம் மிஞ்சும். பணம் ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்று யாராவது கேட்டால், டிஸ்க்கை விட்டுவிட்டு டேண்டம் சிலிண்டரைப் போடச் சொல்வேன்.

பிந்தைய அம்பாசடர்களில் கம்பெனியே முன் டிஸ்க்கும் பூஸ்டரும் கொடுத்திருந்ததால், அந்த வண்டிகளின் பாகங்களைத் தேடிக் கோவை உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சில், ஹப், டிஸ்க்கைப் பற்றும் காலிப்பர் ஆகியவை ஒரே வண்டியிலிருந்து கிடைத்தன. டிஸ்க், அதன்மேல் அழுந்தும் பேட், சீல்கள் அனைத்தும் புதிதாக வாங்கினேன். என் மெக்கானிக் உடல்நலமின்றி இருந்ததால் வேறொரு பட்டறையில் வேலையை ஒப்படைத்தது என் தவறு. அவர்கள் பழைய மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் அதிலேயே டிஸ்க்கை இணைத்துக் கொடுத்துவிட்டார்கள். பத்து கிலோமீட்டர் போவதற்குள் வண்டி இழுவையாகி, முன் சக்கரங்கள் கை வைக்க முடியாத அளவு கொதித்தன. டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், காலை எடுத்த பின்னும் குழாயில் சிறிதளவு அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். டிரம்மில் ஷூவைப் பின்னுக்கு இழுக்க வலுவான ஸ்பிரிங் உண்டு என்பதால் அதனால் தொல்லை இல்லை. காலிப்பரில் அத்தகைய ஸ்பிரிங் இல்லாததால், அந்தச் சிறு அழுத்தமே பேடை டிஸ்க்கோடு தேய்க்கவைத்துவிடுகிறது.

முதியவர் தேறி வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி மீண்டும் செய்தார். டிஸ்க் வண்டிக்குரிய டேண்டம் சிலிண்டரும் பூஸ்டரும் ஏறின. ரிம்மின் உட்புறம் காலிப்பரில் உரசுமா என்று பார்க்க, காலிப்பரின் மேல் களிமண் உருண்டைகளை ஒட்டி, சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றி, நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளந்தார். அதன்பின் ஆளில்லாத சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தி மிதித்துப் பார்த்தபோது பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டன. ஈரச் சாலையில் இப்படி நேர்ந்தால் வண்டியின் பின்புறம் சுழன்றுவிடும். டிஸ்க் வண்டிக்குரிய பின் சக்கர சிலிண்டர்களை வாங்கிப் போட்ட பிறகே அது சரியானது.

டிரம்மில் சுழற்சியே ஷூவை உள்ளிழுத்துப் பிடிப்பைக் கூட்டும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, ஆகவே பூஸ்டர் இன்றி டிஸ்க் போட்டால் காலுக்கு மிகவும் பாரமாக இருக்கும். எஞ்சினை அணைத்து ஐந்தாறு முறை மிதித்துவிட்டு, மிதியை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டும் பழைய வழக்கம் உள்ளவர்கள் அதை உடனே கைவிட வேண்டும். பூஸ்டரில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்கே போதும்.

வண்டியைத் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எனவே வேலை தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டேன். கழற்றிய டிரம்களைக் கிரீஸ் தடவிப் பரணில் வைத்திருக்கிறேன்.

சென்ற டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு மீண்டும் வால்பாறை சென்றோம். இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் நிறுத்தி, முன் ரிம்மின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. ஆயில் மாற்றிய தேதியை ஒரு தாளில் எழுதி ஆயில் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிறேன். அடுத்து மாற்ற நான் வைத்திருக்கும் இரண்டு ஆண்டுக் கெடு வருகிற மார்ச்சில் முடிகிறது.