மலிவு கார்டும் பழைய கணினியும்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கறுப்புத்திரை

குப்பையில் போட்ட இரண்டு சிஎஃப் (காம்பாக்ட் ஃப்ளாஷ்) நினைவகக் கார்டுகளை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் 486 கணினியின் ஹார்ட் டிஸ்க் கரகரக்கத் தொடங்கியதும், எல்லோரையும் போல நானும் 40 பின் அடாப்டர் ஒன்றில் 4 ஜிபி காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டைச் செருகினேன். கார்டைப் புதிய மடிக்கணினியில் யூஎஸ்பி ரீடர் மூலமாகவே பார்ட்டிஷன் பிரித்து, ஃபார்மேட் செய்து, டாஸ் கோப்புகளையும் ஏற்றிக் கொண்டுவந்திருந்தேன். கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸ், கார்டைக் கண்டுகொண்டது. அதன் மாடல் பெயரைக்கூடத் திரையில் காட்டியது. அதற்குப் பிறகு திரையின் இடது மேல் மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் மினுங்கியது. ஏதாவது வரும் என்று பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டு பழுது என்று முடிவுகட்டி எறிந்தேன். இரண்டாவது கார்டுக்கும் அதே கதி. மூன்றாவது கார்டில்தான் 'மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்ற வரி வந்தது. அந்த வரியைக் கண்டதும், கார்டைப் படிக்க முடிகிறது, படிக்கும் இடம்தான் தவறு என்பது எனக்கு உறைத்தது.

பழைய கணினிகள் டிஸ்க்கில் ஓர் இடத்தின் முகவரியைச் சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களால் குறிக்கும். மடிக்கணினி அந்தக் கார்டை 255 ஹெட் கொண்டதாகக் கணக்கிட்டு எழுதியிருந்தது. என் பயாஸோ அதே கார்டை 16 ஹெட், 63 செக்டர் என்று படித்தது. ஒன்று எழுதிய முகவரியில் மற்றொன்று போய்த் தேடினால் என்ன கிடைக்கும்? கார்டின் தொடக்கப் பகுதியைச் சுழியங்களால் நிரப்பிவிட்டு, 486 கணினியிலேயே ஃப்ளாப்பியில் பூட் செய்து, பார்ட்டிஷன் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலை ஓட்டி, 'ஃபார்மேட் /எஸ்' கொடுத்து, கடைசியாக 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' கொடுத்தவுடன் மூன்றாவது கார்டு சமர்த்தாக எழுந்தது. 1024 சிலிண்டர் வரம்பால் 504 மெகாபைட் மட்டுமே கிடைக்கிறது. டாஸுக்கு அதுவே தாராளம். ஆனால் முதல் இரண்டு கார்டுகளும் நல்ல கார்டுகள்தான் என்பதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

இரண்டாம்பாதி

உங்களுக்குக் கார்டு மட்டுமே போனது. எனக்கு அதில் இருந்தவையும் போயின.

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய மடிக்கணினி அது. 44 பின் அடாப்டரில் 16 ஜிபி கார்டு. லினக்ஸில் இரண்டு பார்ட்டிஷன்களாகப் பிரித்து, முதலாவதில் எக்ஸ்பியை வைத்து, இரண்டாவதில் பழைய டிஸ்க்கில் இருந்த குடும்பப் படங்களையும் குரல் பதிவுகளையும் நகலெடுத்தேன். நகலெடுத்து முடித்த மறுவாரமே அந்தப் பழைய டிஸ்க் செத்துப்போனது. நல்ல வேளை, முந்திக்கொண்டோம் என்று நான் மகிழ்ந்திருந்தேன்.

எக்ஸ்பியில் 'மை கம்ப்யூட்டரை'த் திறந்தால் ஒரே ஒரு டிரைவ்தான் இருந்தது. இரண்டாவது பார்ட்டிஷனின் சுவடே இல்லை. லினக்ஸில் நான் செய்த வேலைதான் சரியாகப் பதியவில்லை போலும் என்று நினைத்து, முழுக் கார்டையும் அழித்து, ஒரே பார்ட்டிஷனாக்கி, எக்ஸ்பியை மறுபடியும் நிறுவினேன். அந்த 'ஃபார்மேட்' நீலப்பட்டை நிரம்பியதை நான் தேநீர்க் கோப்பையுடன் உட்கார்ந்து பார்த்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பார்ட்டிஷன் அங்கேயேதான் இருந்தது. 'நீ யார்' என்று கணினி கேட்கும்போது கார்டு தரும் பதிலின் முதல் சொல்லில், 'நான் கழற்றக்கூடிய ஊடகம்' என்று சொல்லும் ஒற்றை பிட் ஒன்று உண்டு. பெரும்பாலான சிஎஃப் கார்டுகள் அந்தப் பதிலை 848ஏ என்ற பதினறும எண்ணாகத் தருகின்றன. அதைப் படித்ததும் எக்ஸ்பி அதை ஒரு பென்டிரைவைப் போல நடத்தி, முதல் பார்ட்டிஷனை மட்டும் காட்டிவிட்டு மற்றதைக் கண்டுகொள்வதில்லை. அந்த பிட்டை நிரந்தரமாகத் திருப்பிவைக்கும் சிறு டாஸ் நிரல் ஒன்று சில பழைய கார்டுகளில் வேலை செய்கிறது. என் கார்டு அதற்கு மசியவில்லை. பிறகு, சிஎஃப் வடிவில் வந்த சிறு ஹார்ட் டிஸ்க்கான மைக்ரோடிரைவுக்காக எழுதப்பட்ட ஹிட்டாச்சி டிரைவரின் ஐஎன்எஃப் கோப்பில் என் கார்டின் அடையாளத்தைச் சேர்த்து, எக்ஸ்பியிடம் 'இது நிலையான டிஸ்க்' என்று பொய் சொல்லவைத்தேன். இப்போது இரண்டு பார்ட்டிஷன்களும் தெரிகின்றன. இரண்டாவதில் போடுவதற்குத்தான் எதுவும் இல்லை.

ஜம்பர்

கறுப்புத்திரை அவர்களே, 504 மெகாபைட் தாராளம் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பயாஸின் வரம்புக்குள் கார்டைத் திணிப்பதைவிட, பயாஸையே மாற்றிவிடலாம். அதற்கும் ஒரு மலிவுக் கார்டு போதும்.

என் கதை சிறியது. 386 கணினி ஒன்றில் பழைய ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டைச் செருகி, அதில் காலியாக இருந்த 28 கால் சாக்கெட்டில் பழைய கணினியைப் பெரிய டிஸ்க்குகளைப் படிக்கவைக்கும் எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸை எழுதிய 27சி64 ஈப்ராம் சிப்பை வைத்தேன். எழுதுவதற்கு முன், பூட் ஆகும்போது தெரியும் வாசகத்தில் என் கணினியின் செல்லப்பெயர் வரட்டுமே என்று ஹெக்ஸ் எடிட்டரில் சில எழுத்துகளைத் திருத்தியிருந்தேன். கணினியை இயக்கினால், அப்படியொரு சிப் இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. புற ஊதா விளக்கின் கீழ் அழிப்பது, மறுபடி எழுதுவது, மறுபடி செருகுவது என்று ஒரு நாள் முழுவதும் போனது. மூன்றாம் முறை விளக்கு அணைவதற்காகக் காத்திருந்தபோதுதான் செக்சம் நினைவுக்கு வந்தது: ஆப்ஷன் ரோமின், அதாவது கார்டின் சிப்பில் உள்ள பயாஸ் நிரலின், எல்லா பைட்டுகளையும் கூட்டினால் கடைசி பைட் சுழியமாக வர வேண்டும், நான் பெயரை மாற்றியதில் அந்தக் கூட்டல் குலைந்திருந்தது. மதர்போர்டு பயாஸ் அதைப் பார்த்துவிட்டு, ஒரு பீப் ஒலிகூட எழுப்பாமல் தாண்டிப் போயிருக்கிறது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், பிறருக்கு உதவும். முதலில், சாக்கெட்டில் சிப்பை வைத்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். பல கார்டுகளில் பூட் ரோம் வசதி அணைக்கப்பட்டே இருக்கும். ஜம்பர் உள்ள கார்டு என்றால் ஜம்பரால், த்ரீகாம் 3சி509 போன்றது என்றால் அதற்குரிய டாஸ் அமைப்பு நிரலால் அதை இயக்கி, முகவரியையும் கொடுக்க வேண்டும். மதர்போர்டு பயாஸ் சி8000 என்ற முகவரியிலிருந்து 2 கிலோபைட் இடைவெளியில் 55 ஏஏ என்ற முத்திரையைத் தேடிக்கொண்டே போகும்; வேறு கார்டு குடியிருக்கும் முகவரியைக் கொடுத்தால் இரண்டும் கெடும். நினைவக மேலாளராக இஎம்எம்386 வைத்திருப்பவர்கள் அந்த முகவரிப் பகுதியை விலக்கிவைக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் பூட் ஆகும்வரை நன்றாக இருந்துவிட்டு, அதற்குப் பின் தொங்கும். பயாஸ் கோப்பைக் கையால் திருத்தாமல், அதனுடன் வரும் அமைப்பு நிரலில் திறந்து சேமித்தால் செக்சத்தை அதுவே போட்டுவிடும். விளக்கு வைத்து அழிக்கப் பொறுமை இல்லாதவர்கள் மின்சாரத்திலேயே அழியும் 28சி64 சிப்பை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் 27சி64க்கும் கால்களின் ஒதுக்கீட்டில் சிறு வேறுபாடு இருப்பதால் சாக்கெட்டை ஒருமுறை மீட்டரால் சரிபார்த்துக்கொள்வது நல்லது. இவ்வளவும் செய்தால் 4 ஜிபி கார்டை டாஸில் இரண்டு 2 ஜிபி பார்ட்டிஷன்களாக முழுமையாகப் பயன்படுத்தலாம்.

இரண்டாம்பாதி அவர்களுக்கு: ஃபார்மேட் ஆன பிறகும் மீட்பு நிரல்கள் சில வேளை கைகொடுக்கும். முயன்று பார்த்தீர்களா?

இரண்டாம்பாதி

அதே இடத்தின் மேல் எக்ஸ்பியை முழுமையாக நிறுவிவிட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். எல்லாம் முயன்றாயிற்று. கிடைத்தவை பாதிப் படங்கள். மேல் பாதி முகம், கீழ் பாதி சாம்பல் நிறம்.

தோழி1200

நான் எழுத வந்தது அமிகா 1200 என்ற பழைய கணினியைப் பற்றி. ஆனால் மேலே அந்தப் பாதிப் படங்களைப் பற்றிப் படித்ததும் கை ஒரு கணம் நின்றது. என் கதையும் பாதியில் கெட்ட படத்தைப் பற்றியதுதான்.

கார்டை 44 பின் அடாப்டரில் வைத்து, 4 ஜிபி எல்லைக்குள் பார்ட்டிஷன் பிரித்து, அமிகாவின் இயங்குதளமான வொர்க்பெஞ்சை நிறுவினேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. இரண்டு வாரம் கழித்து, நானே அந்தக் காலத்தில் பிக்சல் பிக்சலாக வரைந்த ஒரு பெரிய படத்தைத் திறந்தேன். மேலே வானம் சரியாக இருந்தது. மலை தொடங்கும் வரிக்குக் கீழே வண்ணப் புள்ளிகளின் குப்பை. சிறிய கோப்புகள் எவையும் கெடவில்லை. பெரியவை மட்டும், எல்லாமே கெட்டிருந்தன. நான் கார்டைத் திட்டினேன், அடாப்டரைத் திட்டினேன், முப்பது ஆண்டு மின்தேக்கிகளையும் விட்டுவைக்கவில்லை.

குற்றவாளி 'மேக்ஸ் டிரான்ஸ்ஃபர்' என்ற ஒற்றை எண். பார்ட்டிஷன் அமைக்கும்போது அது மிகப் பெரிய மதிப்பாக இருந்தால், ஒரே கட்டளையில் கார்டால் தரக்கூடியதைவிட அதிகமான செக்டர்களை அமிகா கேட்டுவிடுகிறது. வராத பகுதியையும் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. அதை 0எக்ஸ்1எஃப்இ00 என்று மாற்றினால், அதாவது 255 செக்டர் அல்லது 130560 பைட் என்று வரம்பு கட்டினால், சிக்கல் தீர்ந்தது. மாற்றிவிட்டு அதே படத்தைத் திறந்தேன். மலையும் அதன் கீழே நான் வரைந்திருந்த ஓடையும் அப்படியே வந்தன: கார்டில் எழுதப்பட்டது சரிதான், படித்ததில்தான் பிழை. கெட்டுவிட்டது என்று நினைத்து அதற்கு முந்தைய நாள் நான் அழித்த மற்ற ஏழு படங்களும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மௌனமணி

மேலே உள்ளவர்கள் நினைவகக் கார்டுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். என்னுடையது பிசிஐ சாட்டா கார்டு, அதாவது புதிய வகை சாட்டா டிஸ்க்குகளை இணைக்க உதவும் கார்டு.

பவர் மேக் ஜி4, தொடக்ககால மாடல். அதன் உள் ஏடிஏ (ஐடிஇ) டிஸ்க் இணைப்பு 128 ஜிபிக்கு மேல் பார்க்காது. மேக்குக்கென்று விற்ற சாட்டா கார்டுகள் கிடைப்பது அரிது. பிசிக்கான, சிலிக்கன் இமேஜ் 3112 சிப் கொண்ட கார்டுகள் மலிந்து கிடக்கின்றன. இரண்டிலும் இருப்பது அதே சிப்தான், வேறுபாடு ரோமில் இருக்கிறது: பிசி கார்டின் ரோமில் இருப்பது எக்ஸ்86 நிரல், மேக்கின் ஓப்பன் ஃபர்ம்வேர் எதிர்பார்ப்பது எஃப்கோட். ஆகவே மேக்குக்கான ஃபர்ம்வேரைக் கார்டில் ஏற்ற வேண்டும். என் கார்டில் இருந்த ஃப்ளாஷ் சிப்பில் அதற்கு இடம் போதவில்லை. எனவே சிப்பைப் பெயர்த்தெடுத்து, பெரிய சிப் ஒன்றைச் சாலிடர் செய்தேன்.

மேக்கை இயக்கினேன். தொடக்க மணியோசை வரவில்லை. விசிறி மட்டும் சுற்றியது. என்னவென்று பார்க்கக் கார்டின் மேல் விரலை வைத்தேன். சிப்பின் சதுரம் என் விரல் நுனியில் பதிந்துவிட்டது. மூலை வெட்டு எந்தப் பக்கம் என்று பார்க்காமல், எழுத்துகள் நேராகத் தெரியும்படி சிப்பைத் திருப்பி வைத்திருந்திருக்கிறேன். எழுத்து நேராக இருந்தால் சிப்பும் நேராகத்தான் இருக்கும் என்று எந்த மூளை சொன்னதோ.

இரண்டாவது சிப்பை ஒழுங்காக வைத்தபின் மணி ஒலித்தது. ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தபோது எஸ்எஸ்டியின் சின்னம் திரையில் வந்தது. அதுவரை நான் மூச்சுவிட்டதாக நினைவில்லை.

ஒருவழிப்பாதை

மௌனமணி அவர்கள் செய்தது வீண் வேலை என்பது என் தாழ்மையான கருத்து. ஐடிஇயை சாட்டாவாக மாற்றும் சிறு அடாப்டர் ஒன்று போதும். ஃபர்ம்வேர் வேண்டாம், சாலிடர் வேண்டாம், விரலும் சுடாது.

மௌனமணி

அடாப்டரை வைத்தாலும் அது உள் ஏடிஏ வழியாகத்தான் போகும். 128 ஜிபி எல்லை அப்படியே இருக்கும். பிசிஐ கார்டு அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது, அதனால்தான் அதைத் தேடிப் போனேன். பதில் எழுதுமுன் நான்காவது வரியைப் படித்திருக்கலாம்.

இருகம்பி

இழை சண்டையாக மாறுவதற்கு முன் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்புத்திரை அவர்களின் விளக்கம் சரியானது. ஆனால் பூட் ஆகாத கார்டு எல்லாமே ஹெட் கணக்குப் பிழையால் நின்றவை அல்ல.

பழைய கார்டு நன்றாக ஓடிய அதே கணினியில், அதே அடாப்டரில், வேகமான புதிய கார்டைப் போட்டேன். விண்டோஸ் சின்னம் வரும், அதன் கீழ்ப் பட்டை மூன்று முறை ஓடும், நிற்கும். ஒவ்வொரு முறையும் மூன்றே முறை. கார்டு தன்னால் டிஎம்ஏ (செயலியின் உதவியின்றி நினைவகத்துக்கு நேராகத் தரவை அனுப்பும் முறை) முடியும் என்று சொல்கிறது, விண்டோஸ் அதை நம்பி டிஎம்ஏவில் கேட்கிறது, ஆனால் மலிவு அடாப்டரில் அதற்கான இரண்டு தடங்களையும் போடாமலே விட்டிருக்கிறார்கள். உருப்பெருக்கியின் கீழ், கார்டு சாக்கெட்டின் 43ஆம் காலிலிருந்து ஐடிஇயின் 21ஆம் காலுக்கும், 44ஆம் காலிலிருந்து 29ஆம் காலுக்கும் தலைமுடி போன்ற இரண்டு கம்பிகளை இழுத்தேன். அடாப்டரில் 44ஆம் கால் நேராக 5 வோல்ட்டுடன் இணைக்கப்பட்டிருந்தது. முதலில் அந்தத் தடத்தை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டும்போது கத்தி வழுக்கிப் பக்கத்துத் தடத்தையும் அறுத்துவிட்டதால், என் அடாப்டரில் இருப்பது உண்மையில் மூன்று கம்பிகள்.

பட்டை நான்காவது முறை ஓடியபோது நான் அறையில் தனியாக இருந்தும் கைதட்டினேன்.

கறுப்புத்திரை

ஜம்பர் அவர்களுக்கு: என் 486இல் ஐஎஸ்ஏ இடங்கள் நான்குதான், திரை, ஒலி, ஐடிஇ, மோடம் என்று நான்கும் நிரம்பிவிட்டன. நெட்வொர்க் கார்டுக்காக எதைக் கழற்றுவது? மோடத்தைச் சொல்லாதீர்கள், அது இணைக்கும்போது எழுப்பும் ஓசைக்காகவே வைத்திருக்கிறேன்.

இருகம்பி அவர்கள் எழுதியதைப் படித்ததும் என் அடாப்டரைக் கழற்றிப் பார்த்தேன். 43ஆம் காலிலிருந்து எந்தத் தடமும் போகவில்லை.