மே மாதம் கிராண்ட் கேன்யனில் இறங்கி ஏற வேண்டும், மன்னார்குடியில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது?

ஹரித்ராநதி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 51 வயது. மன்னார்குடியில் கணக்கர் வேலை. மகள் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் முதுகலை முடிக்கிறாள், மே நடுவில் பட்டமளிப்பு விழா. நானும் வீட்டுக்காரரும் போகிறோம். விழா முடிந்த அடுத்த வாரம், அதே மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யன் என்ற பெரிய பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். மேலே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப எனக்கு மனமில்லை. அந்தப் பாறை அடுக்குகளுக்கு நடுவே இறங்கி நடக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மகளின் தோழிகளும் வருகிறார்கள். விடிகாலையில் கிளம்பி, கொலராடோ ஆற்றில் கால் நனைத்துவிட்டு, இருட்டுவதற்குள் மேலே வந்துவிடலாம் என்பது அவர்கள் திட்டம். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, அவர் மேலேயே இருந்துகொள்வார்.

தினமும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் வேகமாக நடக்கிறேன், மூச்சு வாங்குவதில்லை. ஆனால் எங்கள் ஊரில் மேடு என்றால் பாமணி ஆற்றங்கரைதான். மலை ஏறிப் பழக்கமே இல்லை. வெயிலைப் பற்றி அவ்வளவு பயமில்லை, கத்திரி வெயிலிலேயே வளர்ந்த உடம்பு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

கையில் மூன்று மாதம் இருக்கிறது. என்ன பயிற்சி செய்யலாம்? எவ்வளவு தூரம் இறங்கலாம்? சுடிதாரோடு நடக்க முடியுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாற்றுக்கரை:

அக்கா, எனக்கு வலங்கைமான் பக்கம். வேலைக்காக ஃபீனிக்ஸில் இருந்த காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பிரைட் ஏஞ்சல், சவுத் கைபாப் இரண்டு பாதைகளிலும் நடந்திருக்கிறேன். உங்கள் ஆசை நல்ல ஆசை, கட்டாயம் இறங்குங்கள். ஆனால் ஆறு வரைக்கும் ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டத்தை மட்டும் இப்போதே கைவிடச் சொல்லுங்கள். பூங்கா நிர்வாகமே அப்படிச் செய்யாதீர்கள் என்று பாதைத் தொடக்கத்தில் பலகை வைத்து எச்சரிக்கிறது. அந்தப் பலகை வயதானவர்களுக்கு மட்டும் எழுதியதில்லை, தோழிகளுக்கும் சேர்த்துத்தான்.

மலை ஏறும்போது முதலில் களைப்பு வரும், திரும்பும் வழி சுலபம். முடியவில்லை என்று உடம்பு சொன்னால் இறங்கிவிடலாம். இங்கே முறை தலைகீழ். காலைக் குளிரில், புது உற்சாகத்தில், இறக்கத்தில் கால் தானாகப் போகும். களைப்பு தெரிகிற நேரத்தில் நீங்கள் அடியில் இருப்பீர்கள், வெயில் உச்சியில் இருக்கும், வீடு மேலே இருக்கும். இறங்க ஒரு மணி நேரம் என்றால் ஏற இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. சவுத் கைபாப் பாதையில் சிடார் ரிட்ஜ் என்ற இடம் ஒன்றரை மைல் தூரம், 1,140 அடி இறக்கம். ஐந்து விமானத்துக்கும் மேல். அதே பாதையில் ஸ்கெலிட்டன் பாயின்ட் மூன்று மைல், 2,040 அடி. பிரைட் ஏஞ்சல் பாதையில் ஹவசுபாய் கார்டன்ஸ் நாலரை மைல், 3,040 அடி, அதாவது பதினான்கு விமானம். இவ்வளவையும் திரும்ப ஏறியாக வேண்டும். நீங்கள் நிற்கப்போகும் தெற்கு விளிம்பே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் டெல்டாக்காரர்களுக்கு அங்கே சும்மா நடந்தாலே மூச்சு கொஞ்சம் இழுக்கும். அதனால் முந்தின நாளே போய் மேலே ஓர் இரவு தங்குங்கள். ஃபீனிக்ஸிலிருந்து காரில் நாலு மணி நேரம் ஓட்டி வந்து அப்படியே இறங்குவது வேண்டாம்.

வெயிலைப் பற்றிச் சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். மே மாதத்தில் விளிம்பில் பகல் வெப்பம் சராசரியாக 21 டிகிரி செல்சியஸ், விடிகாலையில் 4 டிகிரி வரை இறங்கும். ஆற்றங்கரையில் பகலில் 33. ஆயிரம் அடி இறங்கினால் ஏறத்தாழ 3 டிகிரி கூடும். 33 டிகிரி என்றால் மன்னார்குடியில் நாம் சாதாரண நாள் என்போம். நம் ஊரில் வியர்த்தால் சட்டை முதுகோடு ஒட்டும், உடனே தண்ணீர் குடிப்போம். பாலைவனக் காற்றில் வியர்வை தோலில் நிற்பதே இல்லை, வந்த நொடியே காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டே லிட்டர் கணக்கில் தண்ணீரை இழப்பீர்கள். சட்டையில் வெள்ளையாக உப்பு பூத்தால்தான் தெரியும். வெயில் பழகிய உடம்பு உதவும், மறுக்கவில்லை. ஆனால் மகள் வீட்டு ஏசியில் ஒரு வாரம் உட்கார்ந்தால் அந்தப் பழக்கம் குறைய ஆரம்பித்துவிடும். ஃபீனிக்ஸில் தினமும் மாலையில் வெளியே நடங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வயலில் தலைத்துண்டை நனைத்துக் கட்டுவோமே, அது அங்கே அற்புதமாக வேலை செய்யும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய, அதனால் ஈரத்துண்டு மெதுவாகத்தான் காயும். அங்கே மளமளவென்று காயும், காயக் காயக் குளிரும். ஒரு பருத்தித் துண்டு கட்டாயம் எடுத்துப்போங்கள். தண்ணீர் கிடைக்கும் இடத்திலெல்லாம் துண்டையும் சட்டையையும் நனைத்துக்கொள்ளுங்கள்.

சுடிதார் தாராளமாகப் போடலாம். தளர்வான, முழுக்கை வைத்த பருத்தி நல்லது. துப்பட்டா வேண்டாம், காற்றில் பறக்கும், ஊன்றுகோலில் சிக்கும். விடிகாலைக் குளிருக்குக் கழற்றி மடித்து வைக்கிற மாதிரி ஒரு ஸ்வெட்டர். அகலமான விளிம்புள்ள தொப்பி.

என் யோசனை சிடார் ரிட்ஜ். அந்தப் பாதை முகட்டு மேலேயே போகும், பள்ளத்தாக்கு இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும். முதல் தடவை போகிறவருக்கு அதுவே கண்கொள்ளாக் காட்சி. நிழல் மட்டும் அனேகமாகக் கிடையாது, தண்ணீர் அறவே கிடையாது, முழுவதையும் சுமந்துதான் போக வேண்டும்.

குடந்தைப் படிக்கட்டு:

பயிற்சிக்கு நான் சொல்கிறேன். போன வருடம் கைலாச யாத்திரைக்காகத் தயாரானபோது நானும் இதே மேடில்லாத ஊரில்தான் திண்டாடினேன். சுவாமிமலையில் அறுபது படி இருக்கிறது, தமிழ் வருடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி. ஆரம்பத்துக்கு அது போதும். அப்புறம் திருச்சி மலைக்கோட்டை, சுமார் 83 மீட்டர் உயரம். குளித்தலை பக்கம் அய்யர்மலைக்கு ஆயிரம் படிக்கு மேல். ஆனால் கோயில் படியில் செருப்பு, ஷூ கிடையாது. வெறுங்காலில் ஏறினால் தொடைக்குப் பயிற்சி கிடைக்கும், ஷூ பழகாது. வெயில் ஏறினால் கல் சுடும், விடியும்போதே போய்விட வேண்டும்.

வீட்டு மாடிப்படியை மறந்துவிடாதீர்கள். ஒரு படி 17 சென்டிமீட்டர், இருபது படி என்றால் ஒரு தடவைக்கு 3.4 மீட்டர். சிடார் ரிட்ஜ் கிட்டத்தட்ட 350 மீட்டர், அதாவது மாடிக்கு நூறு தடவைக்குக் கொஞ்சம் மேல். பத்து தடவையில் தொடங்கி வாரா வாரம் கூட்டுங்கள். முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். ஏறுவதை விட இறங்குவதுதான் மறுநாள் தொடையைப் பிடிக்கும், அதனால் இறங்கும்போது தடதடவென்று குதிக்காமல் நிதானமாகக் காலை வையுங்கள்.

ஒரு தடவையாவது கொல்லிமலைக்குப் போய்வாருங்கள். ஆகாய கங்கை அருவிக்கு மேலிருந்து ஆயிரம் படிக்கு மேல் இறங்கி, பிறகு ஏற வேண்டும். முதலில் இறக்கம், கடைசியில் ஏற்றம். உங்களுக்கு வேண்டியது அதே வரிசைதான். ஷூவோடும் போகலாம்.

நாகை செவிலி:

அக்கா, நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். முதலில் மாத்திரை. இரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் போக்கி உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றும். வேறு சில, இதயத் துடிப்பு கூட வேண்டிய நேரத்தில் கூட விடாது. நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போய், "இத்தனை மணி நேரம் வெயிலில் மலை ஏறப்போகிறேன்" என்று சொல்லிக் கேளுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அடுத்தது உப்பு. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் விழுகிறவர்களைப் போலவே, வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்து விழுகிறவர்களும் உண்டு. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்விடும். தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு என்று வரும், முற்றினால் வலிப்பு வரை போகும். வெயில் மயக்கத்துக்கும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகள் என்பதால், கூட வருபவர் இன்னும் தண்ணீர் குடி என்று ஊற்றிக்கொண்டே இருப்பார். சிறுநீர் தண்ணீர் மாதிரி அடிக்கடி போகிறதா, வயிறு தண்ணீரில் குலுங்குகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் தண்ணீரை நிறுத்தி, உப்புள்ள தீனி கொடுத்து, உட்கார வைத்து உதவி கேட்க வேண்டும். பேச்சு குழறினால், ஆள் தடுமாறினால், எந்தக் காரணமாக இருந்தாலும் அது அவசரம். நிழலில் படுக்க வைத்து உடம்பை நனைத்து விசிறுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இங்கிருந்தே வாங்கிப்போங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் என்று இருக்கும். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கெட்டியாகக் கரைக்கக் கூடாது. ஒரு பாட்டில் இது, ஒரு பாட்டில் வெறும் தண்ணீர் என்று மாற்றி மாற்றி, தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். நடவுக்குப் போகிற பெண்கள் உப்புப் போட்ட நீராகாரமும் ஊறுகாயுமாக நாள் முழுக்கத் தாங்குகிறார்கள். நீங்களும் முறுக்கு, உப்புக்கடலை, புளிசாதம் என்று அரை மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் வாயில் போடுங்கள். பசிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும். உங்களுக்கு அழுத்தம் இருப்பதால், உப்பு எவ்வளவு என்பதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஹரித்ராநதி:

மூன்று பேருக்கும் நன்றி. இதையெல்லாம் மகளுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். ஆற்றை விட்டுவிடச் சம்மதித்துவிட்டாள். தோழிகளில் ஒருத்தி மட்டும், ஹவசுபாய் கார்டன்ஸ் வரை போகலாம், அங்கே குழாய்த் தண்ணீரும் மர நிழலும் இருக்கிறதே என்கிறாள். அது சரிதானா? ஷூ எந்த மாதிரி வாங்குவது? நான் இதுவரை செருப்பு மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

வெண்ணாற்றுக்கரை:

அக்கா, அந்தப் பெண் சொல்வது உண்மை. பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல், மூன்று மைல் தூரங்களில் ஓய்வுக் கொட்டகைகள் உண்டு, கோடைக் காலத்தில் குழாயும் திறந்திருக்கும். ஆனால் 1960களில் போட ஆரம்பித்த குழாய்வழி அது, அடிக்கடி உடையும். பூங்கா இணையதளத்தில் எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று அறிவிப்பார்கள். போகும் முந்தின நாள் பார்த்துவிடுங்கள். தண்ணீர் இருந்தாலும் உங்களுக்கு 3,040 அடி அதிகம் என்பதே என் கருத்து. கொல்லிமலையில் இறங்கி ஏறிவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, திரும்ப இன்னொரு தடவை இறங்கி ஏற முடிகிறதா பாருங்கள். முடிந்தால் பேசலாம். முடியாவிட்டால் அந்தப் பாதையில் ஒன்றரை மைல் கொட்டகையோடு திரும்புங்கள்.

ஷூவை இப்போதே வாங்குங்கள். மாலையில், கால் கொஞ்சம் உப்பியிருக்கும்போது, போடப்போகும் கெட்டி சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் முட்டி நகம் கறுத்துவிடும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நகத்தை வெட்டுங்கள். தெப்பக்குள நடையையும் இனிமேல் அந்த ஷூவோடேயே நடங்கள். ஊன்றுகோல் இரண்டு வாங்கினால் முழங்காலுக்குப் பெரிய உதவி.

அன்றைக்கு விடியும்போதே பாதையில் இருக்க வேண்டும். மே நடுவில் அங்கே சூரியன் ஐந்தேகால், ஐந்தரைக்குள் உதித்துவிடும். சவுத் கைபாப் தொடக்கத்துக்குச் சொந்தக் கார் விடமாட்டார்கள், பூங்காவின் பேருந்தில்தான் போக வேண்டும். விடிகாலைப் பேருந்து நேரத்தை முதல் நாளே கேட்டு வையுங்கள். பகல் நடைக்கு முன் அனுமதிச் சீட்டு தேவையில்லை, பூங்கா நுழைவுக் கட்டணம் மட்டும். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை ஏற்றத்தில் இருக்காதீர்கள். அதற்குத் தகுந்தமாதிரி திரும்பும் நேரத்தை மேலேயே எல்லோரும் பேசி முடிவு செய்யுங்கள். ஏழரை என்றால் ஏழரை. எவ்வளவு அருகில் இருந்தாலும், இன்னும் ஒரு வளைவுதான் என்று யார் சொன்னாலும், அந்த நேரத்தில் திரும்பிவிடுங்கள்.

எதிரே கோவேறு கழுதைகள் வந்தால் பாதையில் மலைப்பக்கம் ஒதுங்கி, கழுதைக்காரர் சொல்கிறபடி அசையாமல் நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் நிற்காதீர்கள். அணிலுக்குத் தீனி போடாதீர்கள், கடிக்கும். உள்ளே பெரும்பாலும் செல்போன் சிக்னல் கிடைக்காது. அதனால் எந்தப் பாதை, எதுவரை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மதியத்துக்குள் வராவிட்டால் பூங்கா காவலரிடம் அவர் அந்தத் தாளைக் காட்டட்டும்.