திருத்தப்பட்ட படம் என்று தெரிந்த பிறகும் மனம் ஏன் ஒப்பிட்டுப் பார்க்கிறது?

கேள்வி: பூங்குழலி

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் மகளுக்கு 16 வயது. விளம்பரங்களிலும் இதழ்களின் அட்டைகளிலும் வரும் பெண்களின் படங்கள் எவ்வாறு திருத்தப்படுகின்றன என்பதை அவள் என்னைவிட நன்றாக அறிவாள். இடுப்பைக் குறுக்கியபோது பின்னால் இருக்கும் கதவுச் சட்டமும் சேர்ந்து வளைந்துவிட்டதை எனக்குச் சுட்டிக்காட்டிச் சிரித்தவளே அவள்தான். ஆனாலும் அத்தகைய படங்களைப் பார்த்து முடித்ததும் தன் தோள் அகலமாக இருக்கிறது, தாடை சரியில்லை என்று சொல்லத் தொடங்கிவிடுகிறாள். தன்னுடைய படம் எதையும் திருத்தாமல் வெளியிடுவதும் இல்லை. "அதெல்லாம் பொய் என்று உனக்கே தெரியுமே" என்றால், "தெரியும் அத்தை, அதனால் என்ன?" என்று கேட்கிறாள். அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்குப் புரியவில்லை.

உண்மை தெரிந்திருப்பது ஏன் போதுமானதாக இல்லை? சில நாடுகளில் திருத்திய படங்களின் மேல் குறிப்பு இட வேண்டும் என்று சட்டம் இருப்பதாகப் படித்தேன். அதனால் பயன் உண்டா? வீட்டில் இருக்கும் பெரியவர்கள் செய்யக்கூடியது ஏதேனும் இருக்கிறதா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: இருட்டறை

பல ஆண்டுகள் படங்களை ரீடச் செய்யும், அதாவது கணினியில் திருத்தி மெருகேற்றும் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன். கதவுச் சட்டம் வளைந்திருப்பதைக் கண்டுபிடிப்பது திறமைதான். ஆனால் அது மோசமாகச் செய்யப்பட்ட வேலையை மட்டுமே கண்டுபிடிக்கும் திறமை. ஒழுங்காகச் செய்த வேலையில் சட்டமும் வளையாது, நிழலும் பிசகாது. உங்கள் அண்ணன் மகள் பத்துப் படங்களில் ஒன்றைப் பிடித்துவிட்டு மற்ற ஒன்பதையும் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 14 முதல் 18 வயது வரையிலான பெண்களுக்கு இன்ஸ்டாகிராம் படங்களைக் காட்டினார்கள். நிற ஃபில்டர் போட்டிருப்பதை அவர்கள் கவனித்தார்கள். உடல் வடிவத்தை மாற்றியிருந்ததைப் பெரும்பாலும் கவனிக்கவில்லை. திருத்திய படங்களே அழகானவை என்று மதிப்பிட்டார்கள்.

எங்கள் தொழிலில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோலின் நிறத்தை ஓர் அடுக்கிலும் அதன் நுண்ணிய கரடுமுரட்டை மற்றோர் அடுக்கிலும் பிரித்து வைத்துக்கொண்டு, நிறத் திட்டுகளை மட்டும் கரைத்துவிடுவோம். துளைகள் அப்படியே இருப்பதால் பார்ப்பவருக்கு அது இயல்பான தோலாகவே தோன்றும். முழுவதையும் மழுமழுவென்று ஆக்குவது கற்றுக்குட்டிகளின் வேலை. பிறகு ஃபோட்டோஷாப்பில் உள்ள லிக்விஃபை என்னும் கருவியால் இடுப்பை உள்ளே தள்ளுவதும், கழுத்தை நீட்டுவதும், ஒரு கண்ணை மற்றதன் அளவுக்குக் கொண்டுவருவதும் நடக்கும். இவை எதற்கும் படத்தில் இருப்பவரின் ஒப்புதலைக் கேட்பது வழக்கமில்லை. 2003-இல் பிரிட்டனில் வெளியான ஓர் இதழின் அட்டையில் தன்னை மெலியவைத்துவிட்டதாக நடிகை கேட் வின்ஸ்லெட் வெளிப்படையாகச் சொன்னார். 2015-இல் நடிகை ஸெண்டாயா, தன் இடுப்பைக் குறுக்கிய படத்தையும் மூலப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டார். 2017-இல் நடிகை லுபிதா நியோங்கோவின் சுருள்முடியில் ஒரு பகுதியை ஓர் இதழ் அட்டையில் அழித்தும் மீதியை மழுமழுவென்று ஆக்கியும் விட்டார்கள். அவரும் அதைக் கண்டித்தார். அந்தப் பெண்களாலேயே தங்கள் படத்தைப் போல இருக்க முடியவில்லை என்பதை உங்கள் அண்ணன் மகளிடம் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. ரீடச் செய்யாத படம் என்றாலும் அதுவும் தேர்ந்தெடுத்துச் செய்யப்பட்டதே. விளக்கொளி, லென்ஸ், உடையைப் பின்புறம் கிளிப் போட்டு இறுக்குவது, எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றை மட்டும் பொறுக்குவது ஆகியவை எல்லாம் கணினிக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

மறுமொழி: மருதம்

இருட்டறை அவர்கள் சொன்னது பயனுள்ள செய்தி. ஆனால் அவர் இறுதியில் பரிந்துரைப்பதும் மேலும் கொஞ்சம் அறிவைக் கொடுப்பதுதான். பூங்குழலி அவர்களின் சிக்கலோ அறிவு வேலை செய்யாத இடத்தில் இருக்கிறது.

மனிதர்கள் தம்மைப் பற்றிய மதிப்பீட்டைப் பிறரோடு ஒப்பிட்டே அமைத்துக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். இந்த ஒப்பீடு பெரும்பாலும் நாம் முடிவெடுத்துச் செய்வதன்று. படம் கண்ணில் பட்டவுடன் நடந்து முடிந்துவிடுகிறது, அது திருத்தப்பட்டது என்ற நினைவு அதன் பிறகே வருகிறது. அதைவிட முக்கியமானது, "அதனால் என்ன?" என்ற அந்தக் கேள்வியின் பொருள். அந்தப் பெண் படம் உண்மையா பொய்யா என்று ஆராயவில்லை. எப்படிப்பட்ட உடலை உலகம் விரும்புகிறது என்பதையே அதிலிருந்து தெரிந்துகொள்கிறாள். திருத்தியவர் இடுப்பைக் குறுக்கினார், விரிக்கவில்லை. தோலின் வடுவை அழித்தார், வரையவில்லை. ஆகவே திருத்தம் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதை அறிந்திருப்பதே அவளுக்கு ஒரு பாடமாகிவிடுகிறது. பொய் என்று நிரூபிப்பதால் அந்தப் பாடம் அழிவதில்லை.

குறிப்பு இடச் சொல்லும் சட்டங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இஸ்ரேல் 2012-இல் இயற்றிய சட்டம் 2013-இன் தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதலும், நார்வேயில் 2022 ஜூலை 1 முதலும் இத்தகைய விதிகள் உள்ளன. ஆனால் ஆஸ்திரேலியாவில் மரிகா டிகெமன், ஏமி ஸ்லேட்டர் ஆகியோரும் பிறரும் தொடர்ந்து நடத்திய பெரும்பாலான சோதனைகளில், "இப்படம் திருத்தப்பட்டது" என்ற குறிப்பு பெண்களின் மனக்குறையைக் குறைத்ததாகத் தெரியவில்லை. உடலின் எந்தப் பகுதி மாற்றப்பட்டது என்று குறிப்பாகச் சொன்னபோது, பார்ப்பவரின் கண் அந்தப் பகுதிக்கே சென்றது. மறக்க வேண்டியதை நினைவூட்டும் அறிவிப்பாக அது மாறிவிடுகிறது.

ஊடகப் படங்களுக்கு வலிமையே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஃபிஜித் தீவில், தொலைக்காட்சி அப்போதுதான் வந்திருந்த ஒரு வட்டாரத்தில், ஆன் பெக்கர் என்னும் ஆய்வாளர் 1995-இலும் 1998-இலும் பள்ளி மாணவியரிடம் ஆய்வு நடத்தினார். உணவு பற்றிய கோளாறான மனப்போக்கைக் காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடு ஆனார்கள். எடையைக் குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுத்ததாக முதல் ஆய்வில் எவரும் சொல்லவில்லை, இரண்டாவதில் 11.3 விழுக்காட்டினர் சொன்னார்கள். இரு முறையும் கேட்கப்பட்டவர்கள் வெவ்வேறு மாணவியர் என்பதையும், அந்த ஆண்டுகளில் தொலைக்காட்சி தவிர வேறு மாற்றங்களும் நிகழ்ந்திருக்கும் என்பதையும் மனத்தில் கொண்டே இதைப் படிக்க வேண்டும். எனினும் பருத்த உடலை மதித்து வந்த ஒரு சமூகத்தில் இது நடந்தது என்பதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

மறுமொழி: செழியன்

மருதம் அவர்களோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். குறிப்பு இடும் சட்டத்தைப் பார்ப்பவரின் மனத்துக்கான மருந்தாகக் கருதி, அது குணப்படுத்தவில்லை என்பது சரியான அளவுகோல் அன்று. அந்தச் சட்டத்தின் குறி விளம்பரம் செய்பவர். பிரான்சில் குறிப்பு இடத் தவறினால் அபராதம் 37,500 யூரோ வரை போகலாம். தன் விளம்பரத்தின் மேல் "திருத்தப்பட்ட படம்" என்று அச்சிட எந்த நிறுவனமும் ஆசைப்படாது; ஆகவே உடலை மாற்றாமலே விட்டுவிடுவது எளிதாகிறது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளிலிருந்து, கெட்டி இமேஜஸ் என்னும் பெரிய பட விற்பனை நிறுவனம், மாடல்களின் உடலை மெலிதாகவோ பெரிதாகவோ காட்டும்படி திருத்திய விற்பனைப் படங்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது.

சட்டத்தின் ஓட்டைகள் வேறிடத்தில் இருக்கின்றன. பிரான்சின் விதி விளம்பரப் படங்களில் உடலின் வடிவத்தை மாற்றுவதை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. தோலையும் முடியையும் எவ்வளவு வேண்டுமானாலும் மெருகேற்றலாம். நார்வேயின் விதி தோலையும் சேர்த்துக்கொள்கிறது, பணம் பெற்று விளம்பரம் செய்யும் சமூக ஊடகப் பிரபலங்களையும் உள்ளடக்குகிறது. ஆனால் உடன் படிக்கும் தோழி திருத்தி வெளியிடும் படத்தை எந்தச் சட்டமும் தொட முடியாது, தொடவும் கூடாது. இன்று ஒரு பெண் நாள்தோறும் பார்க்கும் முகங்களில் பெரும்பகுதி இத்தகையவையே. நடிகை என்றால் "அவர் வேறு உலகம்" என்று ஒதுக்கிவிடலாம். பக்கத்து இருக்கையில் அமர்பவளை அப்படி ஒதுக்க முடியாது.

2021-இல் வெளியான ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களைப் பற்றியும் ஒரு சொல். மூன்றில் ஒரு பெண்ணை இன்ஸ்டாகிராம் பாதிக்கிறது என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஏற்கெனவே தம் உடலைப் பற்றி மனம் வருந்தியிருந்த வளரிளம் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொன்னார்கள் என்பதே அதில் உள்ள செய்தி. இந்த வேறுபாடு சிறியதன்று. எல்லாப் பெண்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. முன்பே புண்பட்டிருப்பவர்களே மேலும் புண்படுகிறார்கள்.

மறுமொழி: தென்றல்

எனக்கு 22 வயது. உங்கள் அண்ணன் மகளின் நிலையில் நானும் இருந்திருக்கிறேன். மற்றவர்களின் படங்களைப் பற்றியே இங்கே அதிகம் பேசப்படுகிறது. என்னை அதிகம் வருத்தியவை நானே திருத்திய என்னுடைய படங்கள்.

முகத்தைத் திருத்தும் செயலியைத் திறந்தவுடன், மூக்கு, தாடை, கன்னம், பல் என்று பகுதி பகுதியாக அது பட்டியல் போட்டுக் காட்டும். அதுவரை குறை என்று நினைக்காத ஓர் இடத்தைக்கூட, அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறதே என்பதற்காகவே உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். பழைய படங்களைப் பார்த்தால் அப்போது எங்கே இருந்தேன், யாரோடு சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது நினைவுக்கு வருவதில்லை. எதைச் சரிசெய்தேன் என்பதுதான் வருகிறது. தன் படங்களை அதிகம் திருத்தும் பெண்களிடம் உடல் பற்றிய மனக்குறையும் அதிகம் என்று ஆஸ்திரேலியப் பள்ளி மாணவியரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2015-இல் கூறியது. திருத்துவதால் குறை வந்ததா, குறை இருந்ததால் திருத்தினார்களா என்பதை அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. என் அளவில் இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன.

அதோடு, கைபேசியைக் கை நீட்டும் தொலைவுக்குள் பிடித்து எடுக்கும் செல்ஃபி முகத்தின் அளவுகளை மாற்றிவிடுகிறது. 12 அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில், 5 அடித் தொலைவில் எடுத்ததைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இல்லாத மூக்கைத்தான் நான் இவ்வளவு காலம் குறைத்துக்கொண்டிருந்தேன். சில கைபேசிகளில் அழகூட்டும் அமைப்பு நாம் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிட்டு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். முதல் பார்வையில் பிடிக்காது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"நீ அழகாகத்தான் இருக்கிறாய்" என்ற ஆறுதல் எனக்கு உதவவில்லை, ஏனென்றால் பேச்சு மீண்டும் அழகிலேயே நின்றது. என் அம்மாவும் பெரியம்மாவும் தங்கள் இடுப்பைப் பற்றியும் பிறர் பெண்களின் நிறத்தைப் பற்றியும் என் முன்னால் பேசுவதை நிறுத்தியது உண்மையாகவே உதவியது. யாரையாவது நீண்ட நாள் கழித்துப் பார்த்தால் "இளைத்துவிட்டாயே" என்று தொடங்குவதையும் அவர்கள் விட்டுவிட்டார்கள். அது பாராட்டாகச் சொல்லப்பட்டாலும் கேட்பவளுக்கு அளவெடுப்பதாகவே இருக்கும்.

பூங்குழலி

நால்வருக்கும் என் நன்றி. தென்றல் சொன்ன கடைசிச் செய்தி எங்கள் வீட்டுக்கு முழுவதும் பொருந்தும் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்: இது அந்த வயதுக்குரிய மனக்குறையாக இருக்கும் நிலை எது, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டிய நிலை எது?

மறுமொழி: மருதம்

அவள் தன் தாடையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டே, வழக்கம்போலச் சாப்பிட்டு, தோழியரோடு வெளியே சென்று, விரும்பியதைப் படித்துக்கொண்டிருந்தால் அவசரம் இல்லை. வாழ்க்கை சுருங்குகிறதா என்பதைக் கவனியுங்கள். உணவு வேளைகளைத் தவிர்ப்பது, பிறரோடு அமர்ந்து சாப்பிட மறுப்பது, சாப்பிட்டவுடன் கழிவறைக்குச் செல்வது வழக்கமாவது, உடல்நலம் இல்லாதபோதும் உடற்பயிற்சியை விட முடியாமல் தவிப்பது, மாதவிடாய் நின்றுபோவது, மயக்கம், எப்போதும் குளிர்வதாகச் சொல்வது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்பது, முகத்தைப் பிறர் பார்த்துவிடுவார்கள் என்று பள்ளிக்கே போகாமல் இருப்பது ஆகியவையும் அத்தகையவையே. எடை குறையவில்லையே என்று அமைதி கொள்ளக் கூடாது. உண்ணல் கோளாறு உள்ளவர்களில் பலர் பார்வைக்கு மெலிந்திருப்பதில்லை. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்கும் அனொரெக்ஸியா, மனநோய்களிலேயே இறப்பு விகிதம் மிக அதிகமாக உள்ளவற்றில் ஒன்று, ஆனால் தொடக்கத்திலேயே சிகிச்சை பெறுபவர்கள் மீள்வதற்கான வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

முதலில் பொது மருத்துவரிடம் செல்லலாம். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்த பின் அவரே மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அழைத்துச் செல்லும்போது எடையைக் காரணமாகச் சொல்லாதீர்கள். மயக்கம் வருகிறது, தூக்கம் சரியில்லை என்று அவளே உணர்ந்து வருந்தும் ஒன்றைச் சொல்லி அழைத்தால் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.