பாக் செல்லோ சூட், முதல் பிரெலூட்: கிட்டாருக்கு எந்த ஸ்கோரை நம்புவது?

அஸ்தம்பட்டி மாணவர்:
வணக்கம். பி.டபிள்யூ.வி. 1007 (பாக் படைப்புப் பட்டியலில் முதல் செல்லோ சூட்டின் எண்) பிரெலூடுக்கு இணையத்தில் இறக்கிய பி.டி.எஃப்.கள் எல்லாமே டி மேஜரில்தான் இருக்கின்றன. ஆனால் ஸ்லர்கள் (ஸ்வரங்களை இணைக்கும் வளைகோடுகள்) ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒன்றில் பார்களும் (தாளக் கட்டங்கள்) குறைகின்றன. பாக் கைப்பட எழுதிய பிரதி எங்கே கிடைக்கும்?

ஏற்காடு கிட்டார்:
செல்லோ சூட்களுக்கு அவர் கைப்பிரதி கிடைக்கவில்லை தம்பி. சோலோ வயலின் படைப்புகளுக்குத்தான் 1720 தேதியிட்ட கைப்பிரதி பெர்லினில் இருக்கிறது. செல்லோவுக்கு நம்பிக்கையான மூலங்கள் மனைவி அன்னா மக்தலேனா எழுதிய படியும், ஜோஹான் பீட்டர் கெல்னர் என்ற ஆர்கன் கலைஞர் எழுதிய படியும். இரண்டின் ஸ்கேனும் ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய ஸ்கோர் நூலகத்தில் இலவசம். அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் பிரதிகள் பகுதியைப் பாருங்கள், 'அரேஞ்ச்மென்ட்ஸ்' (பிறர் மாற்றி அமைத்தவை) பக்கம் போக வேண்டாம்.

முதலில் பார்களை எண்ணுங்கள். பிரெலூடில் 42 இருக்க வேண்டும். குறைந்தால் அந்த பி.டி.எஃப்.ஐ அழித்துவிடுங்கள்.

ஸ்லர் குழப்பத்துக்குக் காரணம் இரண்டு. அன்னா மக்தலேனாவின் படியில் வளைவு எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறது என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை, ஆளாளுக்கு ஒரு விதமாகப் படிக்கிறார்கள். இரண்டாவதுதான் முக்கியம்: செல்லோவில் ஸ்லர் என்றால் ஒரே வில்லிழுப்பு, கிட்டாரில் இடது கை ஹேமர் அல்லது புல்-ஆஃப் (வலது கையால் மீட்டாமல் இடது கை விரலைத் தட்டியோ இழுத்தோ அதே கம்பியில் அடுத்த ஸ்வரத்தை ஒலிக்கச் செய்வது). தொடக்கத்து டி, ஏ, எஃப் ஷார்ப் மூன்றும் வெவ்வேறு கம்பிகள், அங்கே வில் ஸ்லரை அப்படியே போட முடியாது. அடுத்து வரும் எஃப் ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப் முதல் கம்பியிலேயே இருப்பதால் அங்கே ஸ்லர் போட முடியும். கிட்டார் பதிப்பில் இருப்பது பதிப்பாசிரியரின் விரல் யோசனை, அதைப் பாக்கின் ஸ்லராக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அஸ்தம்பட்டி மாணவர்:
நன்றி அண்ணா. ஆறாவது கம்பியை டி-க்கு இறக்கியே ஆக வேண்டுமா?

ஏற்காடு கிட்டார்:
மூல ஸ்வரங்களுக்கு மட்டும் என்றால் தேவையில்லை. மூலத்தின் ஜி மேஜரை ஒரு பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் (ஏழு செமிடோன்) ஏற்றினால் டி மேஜர். செல்லோவின் அடிக்கம்பி சி, நம் ஆறாவது கம்பி மூன்றாம் ஃபிரெட் ஜி ஆகிறது. கூடுதல் பேஸ் சேர்க்கும் பதிப்புகளுக்குத்தான் இறக்க வேண்டும். மியூஸ்கோர் என்ற ஸ்கோர் எழுதும் மென்பொருளில் நீங்களே தட்டினால் வாத்தியம் 'கிளாசிக்கல் கிட்டார்' என்று வையுங்கள். வெறும் டிரெபிள் கிளெஃப் வைத்தால் ஒரு ஆக்டேவ் தவறும்.

ஃபேர்லண்ட்ஸ் வாசகர்:
ஜெராக்ஸ் கடையில் 'கிரேஸ்கேல், ஏ3' என்று சொல்லிக் கேளுங்கள். வெறும் கறுப்பு-வெள்ளையில் மங்கலான ஸ்லர்கள் மறைந்துவிடும். காசு கொடுத்து வாங்குவதானால் பேரன்ரைட்டர் பதிப்பகம் 2000-இல் வெளியிட்ட பதிப்பைப் பாருங்கள், பழைய படிகளின் நகல்களும் சேர்ந்தே வருகின்றன.